பெயின்ட் புதுசு... சேஸி? டெல்டாவின் பழைய குட்டி யானைகளுக்கு வயசுதான் பிரச்னையா?

கூத்தாநல்லூர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை. சித்தப்பாவின் பிக்அப்பை ஜாக்கி போட்டுத் தூக்கி, மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக்கார பாய் ஒரு சின்ன சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்தார். சேஸியை முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங்... ணங்... ணங்... பின்சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கிற பிராக்கெட் கிட்ட வந்ததும் சத்தம் மாறியது. தொப்.

அதே இடத்தில் இன்னொரு தட்டு. சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. கீழே கொட்டியது இரும்பு இல்லை. பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாக, ஊறிக் காய்ந்த அவல் மாதிரி ஏதோ ஒன்று.

"தம்பி, இதுக்கு மேலதான் கறுப்பு பெயின்ட் அடிச்சுக் கொடுத்திருக்கான்" என்றார் பாய். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருஷம் சவுதியில் டிரைவர் வேலை பார்த்து, ஊர் திரும்பி, சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. வாங்கி நாலு மாசம்தான் ஆகிறது. ஆர்.சி புக் சுத்தம். எஃப்.சி இன்னும் எட்டு மாசம் பாக்கி. மொபைலில் நம்பரைப் போட்டுப் பார்த்தாலும் எல்லாமே பச்சை. அரசாங்கக் கணக்குப்படி, சுத்தியல் நுழைந்த அந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது.

அந்த 'தகுதி' பற்றித்தான் இப்போது நாடு முழுக்கப் பேச்சு.

டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது 2005 மே மாதம். ரெண்டு சிலிண்டர், 702 சி.சி டீசல் இன்ஜின், முக்கால் டன் லோடு. வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி'ன்னு பேர். நம்மூரில் குட்டி யானை. பெரிய லாரி நுழையாத தெருவிலும் வாய்க்கால் கரையிலும் அது நுழைந்தது. சொந்தமாக ஒரு லோடு வண்டி என்பது, லாரி வாங்க வசதியில்லாத ஆளுக்கும் எட்டுகிற கனவானது. பிறகு மஹிந்திராவின் பிக்அப்கள், 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் என்று வரிசை கட்டின. அந்த முதல் தலைமுறை வண்டிகளுக்கு 2025-ல் 20 வயசு.

அதே 2025-ல் மூன்று விஷயங்கள் நடந்தன. ஜூன் மாதம் ஏஸ் புரோ 3.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நவம்பரில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வண்டிகளின் எஃப்.சி கட்டணத்தை ஏற்றியது. முன்பு 15 வருஷம் தாண்டினால்தான் கூடுதல் கட்டணம். இப்போது 10 வருஷத்திலிருந்தே ஆரம்பம். 10 - 15, 15 - 20, 20-க்கு மேல் என்று மூன்று அடுக்கு. 20 வயசு தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய். குட்டி யானை வருகிற இலகுரகப் பிரிவுக்கு 15,000 ரூபாய். எட்டு வயசுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி காட்டியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் வருகிற செய்தி ஒன்றுதான்: பழசை விடு, புதுசை வாங்கு. 2021 ஆகஸ்ட் 13-ல் பிரதமர் தொடங்கி வைத்த வாகன அழிப்புக் கொள்கையின் நீட்சிதான் இது. அரசு வண்டிகளுக்கு 15 வருஷத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்பது 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. டெல்லியில் ஒரு படி மேலே போய், 2025 ஜூலை 1 முதல் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பங்க்கில் எண்ணெய் போடக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். எல்லா இடத்திலும் அளவுகோல் ஒன்றே ஒன்று. வண்டியின் வயசு.

புகைக்கு வயசைப் பார்ப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 2005 இன்ஜின் 2020 இன்ஜின் மாதிரி சுத்தமாக எரிக்காது. ஆனால், பாதுகாப்புக்கு? சித்தப்பாவின் வண்டிக்கு வயசு 11தான். அதே பட்டறை வாசலில் ஜவுளிக்கடை லோடு அடிக்கிற ஒரு குட்டி யானை நின்றது; அதைவிட அஞ்சாறு வருஷம் மூத்தது. பாய் விளையாட்டாக அதையும் தட்டிக் காட்டினார். கடைசி வரைக்கும் ணங்தான்.

டெல்டாவில் மட்டும் ஏன் இப்படி?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதில் உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருவை உண்டாக்குகிற வேதிவினை சுறுசுறுப்பாகிவிடுகிறது. இது எட்டாம் வகுப்புப் பாடம். டெல்டா பிக்அப் அந்தப் பாடத்தை தினமும் செய்முறையாகச் செய்துகொண்டிருக்கிறது.

நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். அது வெறும் ஐஸ் தண்ணீர் இல்லை, மீனிலிருந்து இறங்குகிற உப்புத் தண்ணீர். தொட்டியின் இடுக்கு வழியாக நேராகச் சேஸி மேல்தான் விழுகிறது. வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பு ஏற்றுகிற வண்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். சரி, நான் மீனும் ஏற்றுவதில்லை, உப்பும் ஏற்றுவதில்லை, உரம் மட்டும்தான் என்கிறீர்களா? பொட்டாஷ் உரம் என்பதே பொட்டாசியம் குளோரைடு. இரும்புக்கு அதுவும் ஓர் உப்புதான். மூட்டை ஒன்று கிழிந்து கொட்டினால் போதும்.

அப்புறம் நம்ம மண். காவிரி கொண்டு வந்து கொட்டிய களிமண் பயிருக்குச் சாமி, வண்டிக்கு எமன். மணல் என்றால் காய்ந்து உதிர்ந்துவிடும். களிமண் சேஸியின் உள்மடிப்பில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு வைக்கோல் துணுக்கும் நெல் உமியும் சேர்ந்தால் ஈரக்கோணியைச் சுற்றி வைத்த கதைதான். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி போட்டுவிட்ட சின்னச் சின்னத் துளைகள் முதல் சம்பாவிலேயே அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ரோடும் வயலும் ஒன்றாகத் தெரிகிற நாள்களில் வண்டி ஓடுவது பாதி தண்ணீரில்தான்.

லோடு விஷயத்தையும் பேசியாக வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. முக்கால் டன் வண்டியில் சட்டப்படி ஏற்றினால் 18 மூட்டையைத் தாண்டக் கூடாது. 30, 35 மூட்டையோடு முன்சக்கரம் தரையில் பாவாமல் போகிற குட்டி யானையை டெல்டாவில் பார்க்காதவர்கள் யார்? புது சேஸி அதைத் தாங்கிவிடும். துருவில் பாதி கனம் போன சேஸி தாங்காது. முதலில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் தண்ணீர் போகும், மறுபடி துரு. ஒன்று இன்னொன்றுக்கு வழிகாட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. இந்த வண்டிகள் ஏற்றுவது நெல்லை மட்டுமில்லை. நடவுக்கும் களை எடுக்கவும் பெண்கள் இதே வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். சட்டப்படி தப்பு. ஆனால், காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போகிற பஸ் எத்தனை ஊருக்கு இருக்கிறது? ஸ்பிரிங் பிராக்கெட் பிய்ந்தால் பின் அச்சு ஒரு பக்கம் இழுக்கும், வண்டி வாய்க்காலைப் பார்த்துத் திரும்பும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பது மூட்டையா, மனுஷங்களா என்பது அன்றைய லோடைப் பொறுத்தது.

'பட்டி பார்க்கிறதும்' பழுது பார்க்கிறதும்

சேஸி என்பது ஏணி மாதிரி. நீளமாக ரெண்டு சட்டம், குறுக்கே சில கட்டைகள். சட்டம் ரெண்டு விதமாக இருக்கும். ஒன்று, 'ப' எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி ஒரு பக்கம் திறந்த சேனல். இன்னொன்று, நாலு பக்கமும் மூடிய பெட்டி. திறந்த சேனலில் துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டியில் அப்படி இல்லை, உள்ளேயிருந்துதான் அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே முக்கால்வாசி போயிருக்கும். பாயின் சுத்தியல் கண்டுபிடித்தது அதைத்தான்.

நம்மூரில் இதற்கு நடக்கிற வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு. ஓட்டைக்கு மேலே அளவாக ஒரு தகடு, நாலு மூலையிலும் நாலு பொட்டு வெல்டிங், இடைவெளிக்குப் பட்டி, அதற்கு மேல் கறுப்பு பெயின்ட். அரை நாள் வேலை. செலவும் குறைவு. பிரச்னை என்னவென்றால், அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது துருப்பிடித்த இரும்பு. அழுகிய பலகையில் புது ஆணி அடித்த மாதிரிதான். போதாக்குறைக்கு, ரெண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று மறுபடி துரு வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்து உப்பி, தகட்டையே பிதுக்கித் தள்ளிவிடும்.

முறையான வேலை வேறு. பாய் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், ரெண்டு நாள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். இப்போதைய பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளில் இதை மறந்தால் வெல்டிங் கரன்ட் போய் இன்ஜினின் கம்ப்யூட்டரைப் பதம் பார்த்துவிடும். சேஸி சரியாகிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அடுத்து டீசல் டேங்க் கீழே இறங்கியது. பிரேக் பைப்பும் ஒயரிங்கும் ஒதுங்கின. பிறகு தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கிரைண்டரில் பெயின்ட்டையும் துருவையும் தேய்த்துக்கொண்டே போனார். வெள்ளி மாதிரி பளிச்சென்று இரும்பு தெரிகிற வரை தேய்ப்பு. நாம் நாலு விரல் அகல ஓட்டை என்று நினைத்தது, தேய்த்து முடிக்கும்போது ஒரு முழம்.

அந்த ஒரு முழத்தையும் வெட்டி எடுத்தார். பழைய தகட்டின் கனத்திலேயே புதுத் தகடு வளைத்துப் பொருத்தி, இடைவெளி விடாமல் முழு நீளத்துக்கும் வெல்டிங். ஒரே மூச்சில் இழுக்காமல் இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் சூடு ஏறினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதற்கு மேல் பலத்துக்கு வைத்த தகட்டைச் சதுரமாக வெட்டவில்லை. ரெண்டு முனையும் கூம்பாக, மீன் மாதிரி. ஏன் என்று கேட்டேன். நேர்க்கோட்டில் வெல்டிங் முடிகிற இடத்தில் பாரம் மொத்தமும் வந்து நிற்கும், அடுத்த விரிசல் அங்கேதான் விழும், சரிவாக வெட்டினால் பாரம் பரவிப் போகும் என்றார். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் குறுக்கே வெல்டிங் கோடே வரக் கூடாது, அங்கேதான் இழுப்பும் அழுத்தமும் அதிகம். இன்ஜினீயரிங் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் போகிற விஷயம் இது. பாய் ஸ்கூலோடு நின்றவர்.

கடைசியில் நூல் பிடித்தார். சேஸியின் நாலு மூலையில் குறி வைத்து, குறுக்காக ரெண்டு பக்கமும் அளவு. ரெண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வித்தியாசம் வந்தால் வண்டி ஆயுசுக்கும் ஒரு பக்கமாக நடக்கும், டயரைத் தின்னும். அதற்குப் பிறகுதான் பிரைமர், பெயின்ட், உள்ளே மெழுகு மாதிரி ஒரு கோட்டிங்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சேஸி நம்பர் பொறித்திருக்கிற இடத்தைத் துரு தின்றிருந்தால், பட்டறையில் வெட்டி ஒட்டிக்கொள்ள முடியாது. ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் அந்த எண்ணைத் தொட்டால் திருட்டு வண்டி என்ற சந்தேகம்தான் முதலில் வரும். சேஸியை மொத்தமாக மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டுமே. பழைய வடிவத்துக்கே திரும்பக் கொண்டுவருகிற பழுது வேலை வேறு, சட்டத்தை நீட்டி லோடு கூட்டுகிற வேலை வேறு. ரெண்டாவது ரகம் ஊரில் நிறைய நடக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எஃப்.சி வேலைன்னா என்ன?

தமிழ்நாட்டில் எந்த டிங்கரிங் பட்டறையிலும் கேட்டுப்பாருங்கள், 'எஃப்.சி வேலை' என்றே தனியாக ஒன்று உண்டு. ஒட்டு, பட்டி, பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், நம்பர் எழுதுவது. கல்யாணப் பொண்ணு மாதிரி வண்டியை அலங்காரம் பண்ணி, நாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிறுத்துவது. ஒரு நாளில் வரிசையில் நிற்கிற வண்டிகளில் எத்தனைக்கு அடியில் அவரால் படுத்துப் பார்க்க முடியும்? அவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனால், துருவை மறைக்கிற அந்தக் கறுப்பு பெயின்ட்டுக்கு வருஷா வருஷம் தேவையை உண்டாக்குவதே நம்ம எஃப்.சி முறைதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றாகத்தான் தானியங்கி சோதனை நிலையங்களை ஒன்றிய அரசு கொண்டுவருகிறது. மனிதத் தலையீடு குறையும், லஞ்சம் குறையும் என்பது வாதம். நல்லதுதான். உருளை மேல் சக்கரத்தை ஓட்டி பிரேக்கை அளக்கலாம்; புகை, ஹெட்லைட், ஸ்டீயரிங் ஆட்டம் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது. ஆனால், மூடிய சட்டத்துக்குள் அரித்த துருவை உருளை கண்டுபிடிக்காது. அதற்குக் குழியில் இறங்கி, டார்ச் அடித்து, தட்டித்தான் பார்க்க வேண்டும். 15,000 ரூபாய் வாங்குகிற சோதனையில் ஒரு சுத்தியலுக்கு இடம் இல்லையா என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பிரிட்டனில் மூணு வயசு தாண்டிய கார், வேன்களுக்கு வருஷம் ஒரு முறை எம்.ஓ.டி சோதனை. அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அதனால் துரு அவர்களுக்கும் தலைவலி. அவர்கள் விதி எளிமையானது. ஸ்பிரிங், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மாதிரி உயிரைப் பிடித்திருக்கிற பாகங்கள் சட்டத்தோடு சேருகிற இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்குள் மோசமான துரு இருந்தால் ஃபெயில். சோதிக்கிறவர் அதற்கென்றே வைத்திருக்கிற சின்னக் கருவியால் தட்டி, அழுத்திப் பார்ப்பார். ஒட்டு போட்டிருந்தால் முழு நீள வெல்டிங்காக இருக்க வேண்டும். பட்டி பூசியிருந்தால் செல்லாது. வண்டிக்கு வயசு எட்டா, பதினெட்டா என்பது அந்த விதிக்கு முக்கியமே இல்லை. முக்கியம், அந்த 30 சென்டிமீட்டர்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். டொயோட்டாவின் டகோமா பிக்அப், 1995 முதல் 2000 வரையிலான மாடல்களின் சேஸி மோசமாகத் துருப்பிடித்தது. துருத்தடுப்புப் பூச்சு போதவில்லை என்பது புகார். 2008-ல் கம்பெனி சேஸிக்கான வாரன்ட்டியை 15 வருஷமாக நீட்டியது. தேறாது என்கிற வண்டிகளைச் சந்தை மதிப்பைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிறகு வந்த மாடல்களுக்கும் வழக்கு போய், 2016-ல் டகோமா, டண்ட்ரா, செக்கோயா என்று சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கான சமரசம், அதிகபட்சமாக 340 கோடி டாலர் வரை. தகுதியான வண்டிக்குப் புது சேஸியே மாற்றிக் கொடுத்தார்கள்.

நம்மூரில் அப்படி ஒரு வழக்கு போட முடியுமா? 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு. 2021 ஏப்ரலில் விதியும் வந்தது. ஆனால், அது ஏழு வயசுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. சேஸி துரு பெரும்பாலும் முகம் காட்டுவது அதற்குப் பிறகுதான். அதாவது, ஏழு வயசோடு கம்பெனியின் பொறுப்பு முடிகிறது, பத்து வயசிலிருந்து உரிமையாளரின் கட்டணம் ஏறுகிறது. நடுவில் இரும்பு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.

'அப்போ ஸ்கிராப்புக்குப் போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே' என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கொள்கைப்படி ஸ்கிராப் மதிப்பு, புது வண்டியின் ஷோரூம் விலையில் நாலிலிருந்து ஆறு சதவிகிதம். நாலு லட்ச ரூபாய் வண்டி என்றால் 16,000-லிருந்து 24,000 வரை. கூடவே, வணிக வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவிகிதம் வரை சலுகை தரலாம் என்கிறது விதி. கார், பைக் மாதிரி சொந்த உபயோக வண்டிக்கு 25 வரை. இங்கே ஒரு வேடிக்கை: வண்டியை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் குறைவு, வசதிக்கு வைத்திருக்கிறவனுக்கு அதிகம். மிச்ச மூன்றரை லட்சத்துக்கு மேல் கடன்தான். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் லோடே இல்லாத மாசங்களிலும் இ.எம்.ஐ வரும். கூத்தாநல்லூரை 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். அன்றைக்கு மலேயா, சிங்கப்பூர், இன்றைக்கு வளைகுடா என்று கடல் தாண்டிப் போன காசில் எழுந்த ஊர். வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் திரும்புகிறவர்களில் கடை வைக்கிறவர்களும் உண்டு, லோடு வண்டி எடுக்கிறவர்களும் உண்டு. கையில் இருப்பதற்குள் முடிய வேண்டும், கடன் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால்தான் செகண்ட் ஹேண்ட்.

பழைய வண்டி எல்லாம் நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை. சித்தப்பா வண்டியைப் போல உள்ளே உளுத்துப்போனவை ரோட்டில் எத்தனையோ ஓடுகின்றன. அவற்றை நிறுத்தத்தான் வேண்டும். சரியாக நிறுத்துங்கள் என்கிறேன். கட்டணத்தை ஏற்றினால் பணம் இருக்கிற ஓட்டை வண்டி பாஸாகும், பணம் இல்லாத நல்ல வண்டி எஃப்.சி இல்லாமல் சந்து வழியாக ஓடும். எஃப்.சி தாண்டினால் நாளைக்கு 50 ரூபாய் வீதம் ஏறுகிற கூடுதல் கட்டணம், அந்த வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸ் பக்கம் இன்னும் வர விடாது. எஃப்.சி சோதனையில் சேஸியின் ஆறேழு முக்கியமான இடங்களைத் தட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, வாகன் தளத்தில் வண்டி நம்பரோடு ஏற்றுவது ராக்கெட் சயின்ஸ் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் புதுப்பிக்கும்போது மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்கிறார்களே, அதே மாதிரிதான்.

அது வருகிற வரைக்கும், செகண்ட் ஹேண்ட் பிக்அப் பார்க்கப் போகிற மக்களே, கொஞ்சம் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை, படுத்துப் பாருங்க. மொபைல் டார்ச் போதும். பின் ஸ்பிரிங் பட்டையின் ரெண்டு முனையும் சேஸியில் சேருகிற இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் போட்ட இடம், தொட்டி உட்காருகிற இடம், ரெண்டு தகடு சேர்த்து ரிவெட் அடித்த இடம். அங்கெல்லாம் ஒரு ஸ்பேனரால் தட்டிக் காது கொடுங்க. சின்ன காந்தம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்க. பட்டி மேல் ஒட்டாது. பெட்டிச் சட்டத்தின் உள்ளே பார்க்க, போனில் சொருகுகிற வயர் கேமரா ஆன்லைனில் கிடைக்கிறது. அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால், விலையைப் பேசுவதற்கு முன்னால் அதைப் பேசுங்க. முன்னால் என்ன லோடு அடித்த வண்டி என்று கேளுங்க. சொல்ல மாட்டார்கள்தான், தொட்டியின் இடுக்கில் மூக்கை வைத்தால் மீனா, உரமா என்று அதுவே சொல்லும். சித்தப்பா இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நான் கூடப் போயிருந்தும் ஆர்.சி-யையும் டயரையும்தான் பார்த்தேன்.

சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ் முடித்ததும் அடியில் பழைய இன்ஜின் ஆயிலை ஸ்பிரே அடிக்கிற வழக்கம் உண்டு. இரும்புக்கு ஓரளவு நல்லது. ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக் டிரம்முக்குள் போனால் ஆபத்து, வயல் ரோட்டில் சொட்டினால் வாய்க்காலுக்குத்தான் போகும். மீன் லோடு, உர லோடு இறக்கின அன்றே நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கத்தைக் கழுவுவது அதைவிட மேல்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் வண்டி பட்டறையை விட்டு இறங்கியது. முறையான வேலை என்பதால் செலவு, ஒட்டு வேலையைவிடப் பல மடங்கு. சித்தப்பா எண்ணிக் கொடுத்தார். பிறகு என் போனை வாங்கச் சொல்லி, அடுத்த எஃப்.சி எப்போது, 11 வருஷத்துக்கு எந்த அடுக்கு என்று பார்க்கச் சொன்னார். 10 - 15 அடுக்கு. தலையை ஆட்டிக்கொண்டார். பாய் சைக்கிள் சக்கரத்தின் கம்பி ஒன்றை வளைத்து அவர் கையில் கொடுத்தார். சேஸியின் அடியில் இருக்கிற தண்ணீர்த் துளைகளை மாசம் ஒரு தடவை அதால் குத்திவிட வேண்டுமாம். இப்போது அந்தக் கம்பி டேஷ்போர்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.